வியாசர்பாடியிலிருந்து அம்மா

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழாத குறையாகப் பேசியதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. வெளிமாநிலத் தொழிலாளிகளுக்கு விழிப்புணர்வு முகாம் என்று திருப்பூரில் பந்தல் போட்டு, மைக் கட்டி, இந்தியில் நோட்டீசும் அடித்து, காலை பத்து மணிக்குக் காத்திருந்தால் பீகார்ப் பசங்க ஏழு பேர்தான் வந்தார்களாம், அதிலும் நாலு பேர் பிஸ்கெட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம். பின்னே? வாரம் ஆறு நாள் பனியன் கம்பெனியில் நிற்கிறவனுக்குத் துணி துவைக்கவும் ஊருக்குப் பேசவும் அந்த ஒரு காலைதான் இருக்கிறது. நம்ம அத்தோ கடைக்கே, அதான் இந்த பர்மா நூடுல்ஸ் கடைக்கே, அவர்கள் ராத்திரி எட்டரைக்கு மேல்தான் வருவார்கள். அவித்த முட்டையைப் பிளந்து பொரித்த வெங்காயத்தை வைத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றால் போதும், எந்த மேஸ்திரி சம்பளத்தில் எவ்வளவு பிடித்தான், எந்த ரூமில் பதினாலு பேர் படுக்கிறார்கள் எல்லாம் தானாக வரும். 2023 மார்ச்சில் பீகார்ப் பசங்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பீகாரிலிருந்து அதிகாரிகளே உங்க திருப்பூருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்களே, அப்போ இங்கே பசங்க என்னிடம்தான் போனை நீட்டி "அக்கா, இது நிஜமா?" என்று கேட்டார்கள். மைக்கை விடு. டீக்கடை பெஞ்சுக்குப் போ.

உன் ஆயா 1965-ல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கினாள். கடைகளையெல்லாம் அந்த ஊர் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று 1964-லேயே சொல்லிவிட்டார்கள். தமிழச்சிதான், ஆனாலும் இங்கே அவள் 'பர்மாக்காரி'. அரிசி கொடுத்தவர்கள், பழைய புடவை கொடுத்தவர்கள் நிறையப் பேர், ஆயா யாரையும் பெரிதாகச் சொன்னதில்லை. சாகும்வரை சொன்னது ரேஷன் கார்டுக்குக் கூடப் போன ஒரு டீச்சரம்மாவைத்தான். ஆபீசர் டீச்சரைப் பார்த்தே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாராம். "கார்டு இவங்களுக்கு சார், இவங்களையே கேளுங்க" என்று டீச்சர் நாற்காலியைப் பின்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாராம். ஆயா அதை நடித்தே காட்டுவாள், நாற்காலி கீச்சென்றது உட்பட.

அந்தப் பேச்சில் இன்னொன்று. பின்தெருவில் ஒரிசாக் குடும்பம் ஒன்று இருக்கிறது. பெண்ணுக்கு ஒன்பது வயசு, கார்ப்பரேஷன் ஸ்கூல், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசும். அம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் அதைச் சொன்னது அந்தக் குழந்தை. அம்மாவோ பாதியை முழுங்கிவிட்டாள், பிள்ளையிடம் எப்படிச் சொல்வாள்? உன் ஆபீசில் எதற்கெல்லாமோ பணம் இருக்கிறதே, இப்படிக் கூடப் போய் மொழிபெயர்த்துச் சொல்ல, குழந்தை இல்லாமல் வயசு வந்த ஒரு பொம்பளையை வைக்கச் சொல்லு.

ரேஷன் விஷயமும் அப்படித்தான். எந்த ஊர் கார்டுக்கும் இங்கேயே வாங்கலாம் என்று 2020 அக்டோபரிலேயே நம்ம ஊரில் வந்தாச்சு, ஊரில் பொண்டாட்டி பாதியை வாங்கினால் மீதியை இவன் இங்கே வாங்கிக்கொள்ளலாம். இது தெரிந்தவன் எத்தனை பேர்? தெரிந்து போனவனுக்கும் சிமெண்டில் தேய்ந்த விரலை மெஷின் ஏற்கவில்லை. நீ ஒரு தடவை கூடப் போய் வரிசையில் நின்று பார், அப்புறம் ரிப்போர்ட் எழுது.

சரி, உன்னிடம் சொல்லாத ஒன்று. எருக்கஞ்சேரிப் பக்கம் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷினில் ஒரு பையனுக்கு வலது கையில் ரெண்டு விரல் போய்விட்டது. கான்ட்ராக்டர் ஐயாயிரம் ரூபாயும் டிக்கெட்டும் கொடுத்து ஊருக்குப் போகச் சொன்னான். நான் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்து, ஆட்டோ வைத்து சென்ட்ரலில் ஏற்றிவிட்டு வந்தேன். நல்லது செய்த மாதிரி அன்றைக்குத் தூக்கமும் வந்தது. அப்புறம் நீதான் ஏதோ பேச்சில் சொன்னாய், ஈஎஸ்ஐ இன்சூரன்ஸ் இல்லாதவனும் சட்டப்படி நஷ்டஈடு கேட்கலாம் என்று. வெளிமாநிலத் தொழிலாளிக்குப் போட்டோ ஒட்டிய பாஸ்புக் தரணும், அதில் சம்பளம், வேலைக்கு எடுத்த காலம் எல்லாம் அவன் மொழியிலும் எழுதணும் என்று 1979-லேயே சட்டம் போட்டார்கள் என்றும் சொன்னாய். என் கடைக்கு வருகிற எவன் பையிலும் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அந்தப் பையனிடம் இருந்திருந்தால் அவன் அங்கே வேலையே பார்க்கவில்லை என்று கான்ட்ராக்டர் வாய் கூசாமல் சொல்லியிருக்க முடியுமா? நான் போய்ச் சத்தம் போட்டிருக்கலாம். எலுமிச்சை சாதம் கட்டினேன்.

கேஸ் போட ரெண்டு வருஷம் டைம் என்றாயே, தீபாவளி வந்தால் ஒன்றரை ஆகிறது. அவன் ஊர் நம்பர் கடை நோட்டில் கடன் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூப்பிடு, அதற்கு முன்னால் எடுக்கமாட்டான்.

அம்மா