எங்களுக்குப் பிரிக்கத் தெரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் குப்பை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்களுக்குத் தரம் பிரிக்கும் பழக்கமே இல்லை, ஜப்பானியரைப் பார்த்துப் பழக வேண்டும் என்று ஒரு வரி. முப்பது ஆண்டுகளாக உங்கள் ஏட்டைக் காசு கொடுத்து வாங்கும் வீடு எங்களுடையது. மனம் வலித்தது ஐயா.

நான் கெடாவில், பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். அம்மா பால் மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். மங்கில் (பால் வடியும் கிண்ணம்) உறைந்த ஒட்டுப்பால் ஒரு சாக்கில், பட்டையில் நூலாகக் காய்ந்தது இன்னொரு பையில், மண்ணில் சிந்தியது வேறு. சருகோ பட்டைத் தூளோ கலந்திருந்தால் நிறுவையில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) திருப்பித் தள்ளிவிடுவார். பத்து வயதில் அம்மாவோடு குந்தி, விரல் நகத்தால் தூசி கிள்ளி எடுத்திருக்கிறேன். அந்த வாடை சோப்புப் போட்டாலும் போகாது. வீட்டிலும் அப்படித்தான். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, கொட்டாங்கச்சி அடுப்புக்கு, மைலோ டின் கறிவேப்பிலைக் கன்றுக்கு. 'சூராட் காபார் லாமா' என்று பழைய பேப்பர்காரரின் மலாய்க் குரல் கேட்டால் கட்டி வைத்த பேப்பர் வாசலுக்கு வந்துவிடும். எங்களுக்கா பழக்கமில்லை?

தோட்டம் கைமாறி, தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) வந்தோம். 2015 செப்டம்பரில் மலேசியாவில் கெடா உள்ளிட்ட சில மாநிலங்களில் குப்பையை வீட்டிலேயே பிரிப்பது கட்டாயமானது. மறு ஆண்டு ஜூனிலிருந்து 1,000 ரிங்கிட் வரை அபராதம் என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் சாப்பாட்டு மிச்சம் முதலான குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள். போத்தலைக் கழுவி, பேப்பரைக் கயிறு போட்டுக் கட்டி வைத்தேன். ஒரு புதன்கிழமை கேட்டருகே நின்று பார்த்தேன். இரண்டு பையும் ஒரே லாரியின் வாயில் விழுந்தது, என் கண் முன்னாலேயே. லாரியில் வந்த அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. தனி லாரி அனுப்பாதது அவர் குற்றமா? குப்பை எடுப்பவர்களின் அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். "சொல்லிவிடுகிறோம்" என்றார்கள். அறிவிப்புத் தாளும் மலாயில் மட்டும். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நான்தான் படித்துச் சொன்னேன்.

ஜப்பானியரை நான் குறை சொல்லவில்லை. அங்கே கமிகாட்சு என்ற சிற்றூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. ஆனால் அங்கே ஒவ்வொரு பெட்டியின் மேலும் அது எங்கே போகிறது, என்னவாகிறது, அதற்கு எவ்வளவு செலவு என்று எழுதி வைத்திருப்பதைக் கட்டுரையாளர் ஏன் விட்டுவிட்டார்? ஜெர்மனியில் படிக்கும் என் மகள் காலி போத்தலைக் கடை இயந்திரத்தில் போட்டு 25 சென்ட் திரும்பப் பெறுகிறாள். கொரியாவில் சாப்பாட்டு மிச்சத்தை எடை பார்த்துக் கட்டணம் வாங்குகிறார்கள். அங்கெல்லாம் பிரித்தது பிரித்தபடியே போய்ச் சேருகிறது. எங்கள் ஒட்டுப்பால் போய்ச் சேர்ந்ததைப் போல.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2018-இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவடைத்ததும் அது நம் நாட்டுக்கு வந்தது. சுங்கை பட்டாணி பக்கம் இரவில் எரிந்த நெடிக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தோம், என் பேரனுக்கு இருமல் நிற்கவில்லை. 2020 ஜனவரியில் 13 நாடுகளுக்கு 150 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பியதாக நம் அரசு அறிவித்தது. அந்தப் பட்டியலில் ஜப்பானும் இருந்தது. பிறர் குப்பையின் புகையைச் சுவாசித்த எங்களைப் பழக்கம் இல்லாதவர்கள் என்று எழுதலாமா?

எந்தக் கிழமை எந்த லாரி, எதை வெளியே வைக்க வேண்டும் என்ற அட்டவணையைத் தமிழில் கட்டம் கட்டி வாரம் ஒரு முறை வெளியிடுங்கள். வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம். அந்த வரிக்கும் ஒரு திருத்தம் போட்டால் நன்றி சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
பீடோங், கெடா