ஏலீ, ஏலீ

அன்புள்ள ஜோசப்,

அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி வந்தது. இங்கே எல்லோரும் சுகம், பெரியவள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

பெரிய வெள்ளி ஆராதனையில், சிலுவையில் இயேசு கதறிய 'ஏலீ, ஏலீ, லாமா சபக்தானி' ('என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்') என்ற வரியை மட்டும் ஏன் தமிழாக்காமல் விட்டார்கள் என்று கேட்டிருந்தாயே. கிரேக்கத்தில் எழுதிய மத்தேயுவும் மாற்குவுமே அதை மாற்றாமல் வைத்து, பக்கத்தில் அர்த்தம் சொல்லிவிட்டுப் போனார்கள். அது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி, எபிரெயுவில் கடைசிச் சொல் 'அசவ்தானி' என்று இருக்கும். இயேசு சொன்ன 'சபக்தானி' அரமேயச் சொல், அந்நாளில் அங்கே ஜனங்கள் பேசிய பாஷை. வேதத்தில் எபிரெயுவாக இருக்கிற வரி, உயிர் போகிற நேரத்தில் அவர் வாயில் வீட்டுப் பேச்சாக வந்திருக்கிறது. யவீருவின் மகளைக் கையைப் பிடித்து எழுப்பும்போது சொன்ன 'தலீத்தாகூமி'யும் அரமேயம்தான். இதைப் படித்த நாளிலிருந்து அந்த வரிகளை என்னால் வேகமாகக் கடந்துபோக முடியவில்லை.

ஆனால் எபிரெயு அப்போது செத்துப்போயிருக்கவில்லை. 1947 முதல் சாக்கடல் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்களில் பெரும்பகுதி எபிரெயுதான், அரமேயம் குறைவு, கிரேக்கம் அதைவிடக் குறைவு. லத்தீன் ரோம அதிகாரிகளோடு நின்றுவிட்டது. செசரியாவில் 1961-இல் கிடைத்த, இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த ரோம அதிபதி பிலாத்துவின் பெயர் பொறித்த கல் லத்தீன்.

கிரேக்கம் எவ்வளவு தூரம் நுழைந்திருந்தது என்பதற்கு எருசலேம் ஆலயத்திலிருந்தே கிரேக்கத்தில் பொறித்த ஒரு கல் இருக்கிறது, 1871-இல் கிடைத்தது, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஏழே வரி: அந்நியன் எவனும் தடுப்பைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, பிடிபட்டால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு. இதே மாதிரி இன்னொரு கல்லின் துண்டில் எழுத்துக்குள் பூசிய சிவப்புச் சாயம் இன்னும் ஒட்டியிருக்கிறது. கிரேக்கரை உள்ளே கூட்டிவந்தான் என்றுதானே அப்போஸ்தலன் பவுலை அடித்தார்கள்? அடி வாங்கின கையோடு அவர் ரோமச் சேனாபதியிடம் கிரேக்கத்தில் பேசுகிறார், உனக்குக் கிரேக்கம் தெரியுமா என்று அவன் திகைக்கிறான். அப்புறம் படிக்கட்டில் நின்று கூட்டத்திடம் அவர்கள் பாஷையில் வாய் திறந்ததும், கொல்ல வந்தவர்கள் அடங்கிப்போகிறார்கள்.

எனக்கு இதில் மனதைப் பிசைகிறவர் பேதுருதான். இயேசுவைப் பிடித்த இரவில், அவரைத் தெரியாது என்று சொல்லிக் குளிர்காய நின்ற முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவர் கலிலேயப் பேச்சு. தொண்டையில் வரவேண்டிய ஒலிகளைக் கலிலேயர் விழுங்கிவிடுவார்களாம். 'அமார்' வேண்டும் என்று கேட்ட ஒரு கலிலேயனிடம், ஏறிப்போகக் கழுதையா, குடிக்கத் திராட்சரசமா, உடுத்தக் கம்பளியா, அறுக்க ஆட்டுக்குட்டியா என்று திருப்பிக் கேட்டதாக யூத ரபிகளின் நூலான தால்மூத்தில் ஒரு கதை உண்டு; அந்த நாலு சொல்லும் கலிலேயர் வாயில் ஒன்றுபோலவே கேட்குமாம். அந்த வாயை வைத்துக்கொண்டு பேதுரு எருசலேமில் எங்கே ஒளிவது, சொல்லு.

சிரியாவில் மாலூலா என்ற மலைக் கிராமத்தில் இன்னும் அரமேயம் பேசுகிறார்கள், அதே பேச்சு இல்லை, ஆனால் அந்த வம்சம்தான். ஒலிப்பதிவு ஒன்று கிடைத்தது, அனுப்புகிறேன். அம்மா இன்னும் சில நாள் வேதம் வாசிக்க முடியாதே, அதுவரை இதைப் போட்டுக் கேட்கச் சொல்.

அன்புடன்,
சாமுவேல்