நத்தார் விழா: பெற்றோர் கவனத்துக்கு

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். மறைக்கல்வி வகுப்பு விழாவில் எல்ஃப் பொம்மை வைப்பதா, பரிசு எப்படிக் கொடுப்பது, பிள்ளைகளிடம் நத்தார் பாப்பா (சாண்டா குளோஸ்) பற்றி என்ன சொல்வது என்று குழுவில் எழுதிய எல்லாருடைய கருத்தையும் வாசித்தேன்.

முதலில் அந்த ‘எல்ஃப் ஆன் த ஷெல்ஃப்’ குட்டிப் பொம்மை. இரவில் இடம் மாறும், பிள்ளை குழப்படி செய்தால் நத்தார் பாப்பாவிடம் போய்ச் சொல்லும் என்பார்கள். அமெரிக்காவில் 2005இல் கதைப் புத்தகத்தோடு விற்பனைக்கு வந்தது, யூடியூப் வழியாக ஹட்டனுக்கும் வந்துவிட்டது. வீட்டில் வைப்பது அவரவர் விருப்பம். விழாவுக்கு வேண்டாம். பாலன் பிறப்பைப் பயங்காட்டிச் சொல்லிக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பரிசு விஷயம்தான் பெரிய கவலை. டெப் (டேப்லெட்) கிடைக்கும் பிள்ளையும், நாட்சம்பளத்தில் ஓடும் தோட்ட லயத்து வீட்டுப் பிள்ளையும் ஒரே வாங்கில்தான் இருக்கிறார்கள். இரண்டையும் நத்தார் பாப்பா தந்தார் என்றால், கலர் பென்சில் மட்டும் கிடைத்த பிள்ளை தான் என்ன பிழை செய்தேன் என்று யோசிக்கும். அதனால் பெரிய பரிசுகளை அம்மா அப்பா தந்ததாகவே சொல்லுங்கள். விழாப் பரிசு 500 ரூபாவுக்குள், கொடுப்பவர் பெயர் இல்லாமல் இருக்கட்டும்.

நத்தார் பாப்பா வேண்டாம் என்று வளர்க்கும் பெற்றோரே, அவர் நிஜமில்லை என்று மற்றப் பிள்ளைகளிடம் போட்டு உடைக்க வேண்டாம் என உங்கள் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். இன்றைய துருக்கியில் உள்ள மைராவில் 4ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்த புனித நிக்கலஸின் கதை இரு பக்கத்துக்கும் பொருந்தும். அவர் திருநாள் டிசம்பர் 6. அதையொட்டி வகுப்பில் சொல்கிறோம்.

அப்புறம், குடிலுக்கு சைப்ரஸ் கிளையும் பாசியும் கொண்டுவரக்கூடியவர்கள் இங்கேயே பதில் போடுங்கள்.