ஓலைக் காற்றாடி செய்து தந்த சேட்டனுக்கு

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது. கஜா புயல் என்ன செய்துவிட்டுப் போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

கீரமங்கலம் பக்கம் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். புயல் அடித்த 2018 நவம்பர் 16-க்கு அப்புறம் அவர்களுக்குக் காற்று என்றாலே ஆகவில்லை. எங்கோ ஒரு தகரம் படபடத்தால் போதும், காதைப் பொத்திக்கொள்வார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நிவாரண முகாமின் வாசல்படியைத் தாண்டவே இல்லை. வெளிக்குப் போகக்கூட அவன் அம்மா தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

கம்பம் நட வந்த கேரள மின்வாரிய லைன்மேன்களில் ஒருவர் சாப்பாட்டு வேளையில் அவனைப் பார்த்திருக்கிறார். விழுந்து கிடந்த தென்னை மட்டையிலிருந்து ஓலை உருவி, மடித்துப் பின்னி, ஈர்க்கில் கோத்து ஒரு காற்றாடி செய்தார். அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அன்று காற்றே இல்லை. காற்றாடி சுற்றவில்லை. பையன் ஊதிப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான், படியில் இறங்கி நின்றான். சேட்டன் இன்னொன்று செய்து, அதைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் ஓடிக் காட்டினார். அவ்வளவுதான், இவனும் ஓடினான். ஓடினால் சுற்றுகிறது, நின்றால் நிற்கிறது. புயல் இரவில் அவனைக் கேட்காமல் வந்த காற்று, இப்போது அவன் சொன்னபடி கேட்டது. சாயங்காலத்துக்குள் எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஓலை. காற்று எப்போது வரும் என்று கேட்டார்கள்! எனக்கு அழுகை வந்துவிட்டது.

சேட்டா, ஆகஸ்ட்டில் உங்கள் ஊரே வெள்ளத்தில் கிடந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் எங்களுக்காக வந்தீர்கள். உங்கள் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

வண்ணத்துப்பூச்சி அணைப்பு சொல்லித் தந்த தங்கைகளுக்கும் நன்றி. கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்து, மூச்சை நிதானமாக இழுத்து விட்டபடி, மாற்றி மாற்றித் தட்டிக்கொள்வது. 1997-இல் மெக்சிகோவின் அகபுல்கோவைப் புயல் புரட்டிப்போட்ட பிறகு, அங்கிருந்த பிள்ளைகளுக்காக உருவானதாம். எங்கள் பிள்ளைகள் படுக்கப் போகும்போது தாங்களாகவே செய்கிறார்கள். குளத்துக் களிமண் சுமந்து வந்தவர்கள், பறை கொண்டுவந்த தம்பிகள், கிரேயான் பெட்டி அனுப்பியவர்கள், எல்லோரையும் கும்பிடுகிறேன். "நடந்ததைச் சொல்லு என்று பிள்ளைகளை நெருக்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்" என்ற அரசு மருத்துவருக்கும் தனியாக நன்றி. நிவாரணம் கொடுக்க வந்த சிலர் கேமராவை நீட்டிக்கொண்டு இதைத்தான் கேட்டார்கள். தயவுசெய்து இனிமேல் யாரும் கேட்காதீர்கள்.

விளையாட்டும் பாட்டும் மட்டுமே எல்லாவற்றையும் ஆற்றிவிடாது. பேச்சே நின்றுபோன ஒரு பெண்பிள்ளையை மருத்துவரிடம்தான் அழைத்துப் போய்க்கொண்டிருக்கிறோம். இப்போது ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறாள்.

இனி சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வகுப்பில் பாடம் கிடையாது. களிமண், பறை, காற்றாடி மட்டும்தான். புயல் அடித்த மற்ற ஊர்களிலும் பிள்ளைகள் இப்படிப் பயந்து கிடந்தால் கூப்பிடுங்கள், வந்து சொல்லித் தருகிறோம். சேட்டனிடம் கற்றுக்கொண்ட அந்த மூன்றாம் வகுப்பு வாத்தியாரையும் கூட்டி வருகிறேன்.