வெள்ளத்தில் மூழ்கிய வான் வண்டியை வைத்துக்கொள்வதா, விடுவதா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

டித்வா புயலில் மூழ்கிய வாகனங்களைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் பத்திரிகையில் படித்தேன். இன்சூரன்ஸ் கம்பனி 'டோட்டல் லொஸ்', அதாவது முழு இழப்பு, என்று சொன்னால் நம்ப வேண்டாம், வண்டியை விட்டுக்கொடுக்க வேண்டாம், அவர்கள் அதைக் கொண்டுபோய் நல்ல விலைக்கு விற்றுவிடுவார்கள் என்று எழுதியிருந்தார். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த யோசனையை அப்படியே கேட்டு யாராவது கையொப்பம் போட்டால் கையைச் சுட்டுக்கொள்வார்கள். வண்டியை வைத்துக்கொள்வது என்றால் சும்மா வைத்துக்கொள்வது இல்லை, கம்பனி சொல்கிற விலைக்கு அதைக் காசு கொடுத்து வாங்குவது; அந்த விலையை நமக்குத் தரும் தொகையில் கழித்துவிடுவார்கள். இதை அந்த நேரத்தில் யாரும் நமக்கு விளங்கப்படுத்துவதில்லை.

நாங்கள் இருப்பது கொழும்பை ஒட்டிய வெல்லம்பிட்டியவில். என் மச்சானும் நானும் சேர்ந்து வாங்கிய, டொல்பின் என்று இங்கே அழைக்கும் பழைய டொயோட்டா ஹையேஸ் வான் ஒன்று, கிழமை நாளில் பாடசாலைப் பிள்ளைகள், லீவு நாளில் முன்னேஸ்வரம், கதிர்காமம் என்று ஹயர் ஓடிக்கொண்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் களனி கங்கை பெருகியபோது எங்கள் ஒழுங்கைக்குள்ளும் தண்ணீர் வந்தது. இந்தப் பக்கத்து வெள்ளத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மலையில் கொட்டிய மழை இங்கே வந்து சேர ஒரு நாள், இரண்டு நாள் ஆகும், கொழும்பில் வெயில் அடிக்கிற நேரத்தில் நாகலகம் வீதியில் ஆற்று மட்டம் பார்க்கும் இடத்தில் அளவு ஏறிக்கொண்டிருக்கும், வந்த தண்ணீர் போகவும் மனமில்லாமல் நாள்கணக்கில் நிற்கும். வாகனத்துக்கு அதுதான் கேடு. மழைத் தண்ணீர் உள்ளே தெறித்தால் காயவைக்கலாம், ஆனால் இது கானும் மலசலகூடக் குழியும் கராஜ் எண்ணெயும் கலந்த சகதி.

கம்பனியின் மதிப்பீட்டாளர் வந்தார், படம் எடுத்தார், அந்த வாகனத்தின் உள்ளூர் ஏஜன்டிடம் திருத்தச் செலவு எஸ்டிமேட் கேட்டார்கள், அப்புறம் போனில் ஒரு செய்தி: டோட்டல் லொஸ், வண்டியை வைத்துக்கொள்கிறீர்களா, தருகிறீர்களா, சீக்கிரம் சொல்லுங்கள். வைத்துக்கொண்டால் எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டதற்கு அப்போது சரியான பதில் இல்லை. மச்சான் வைத்துக்கொள்வோம் என்றார். அவருக்கு அந்த வானில் ஒரு பாசம், அதோடு ஊரில் எல்லாரும் 'டொல்பின் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது' என்றார்கள்.

ஓடக்கூடிய வண்டியை ஏன் முழு இழப்பு என்று கழித்துப் போடுகிறார்கள் என்பதுதான் பலரின் கேள்வி. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன், இவை எங்கள் தொகைகள் அல்ல. வண்டி 50 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறது, திருத்த 38 இலட்சம் என்று ஏஜன்ட் எஸ்டிமேட் போடுகிறார், மூழ்கிய நிலையிலேயே அந்த வண்டிக்கு 15 இலட்சம் கொடுக்க ஒருவர் இருக்கிறார். கம்பனி திருத்திக் கொடுத்தால் 38 போகிறது. முழு இழப்பு என்று 50 கொடுத்து வண்டியை 15க்கு விற்றால் 35தான் போகிறது. அவ்வளவுதான் விஷயம். வண்டி செத்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை, கம்பனிக்கு அது லாபமான வழி என்றுதான் அர்த்தம். இந்த இடம் வரைக்கும் அந்த வாசகர் சொல்வது சரி.

இனி நம் பக்கத்துக் கணக்கு. வண்டியைக் கொடுத்தால் கையில் 50 (எக்செஸ் என்று நாமே ஏற்க வேண்டிய பங்கு, மிச்ச பிரீமியம் எல்லாம் கழியும், அதை இப்போதைக்கு விடுங்கள்). வைத்துக்கொண்டால் கையில் 35, வாசலில் ஒரு சேற்று வண்டி. தெரிந்த கராஜில் 28 இலட்சத்துக்குச் செய்து தருகிறேன் என்கிறார்கள், மிச்சம் 7. ஆக திருத்திய வண்டி உங்களுக்கு 43 இலட்சத்துக்கு வந்து நிற்கிறது, அதே மாதிரி வெள்ளம் படாத வண்டி வெளியில் 55 போகிறது, 12 இலட்சம் லாபம் என்று மனம் துள்ளும். எங்கள் வீட்டிலும் துள்ளியது.

அந்த லாபம் தாளில் மட்டும்தான் இருக்கிறது. கராஜில் சொல்லும் 28, டாஷ்போர்டைக் கழற்றும் வரைக்கும்தான் 28. கழற்றிய பிறகு வயரிங் ஹார்னஸ், ஓல்டர்நேட்டர், ஸ்டார்ட்டர், வீல் பெயரிங், பிரேக், டிஃப் ஒயில் என்று பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும், அந்த மாதங்களில் ஹயர் இல்லை, லீசிங் தவணை மட்டும் நிற்காமல் வரும். விற்கும்போது வெள்ளத்தில் மூழ்கியது என்று உண்மையைச் சொன்னால் விலை விழும், சொல்லாவிட்டால் அது ஏமாற்று. அதனால் எங்கள் வீட்டில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்த வண்டி நம்முடையது இல்லை என்று வைத்துக்கொள், இதே சேற்றோடு ரோட்டில் நிற்கிறது, கம்பனி கழிக்கிற காசை இன்றைக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து இதை வாங்குவாயா? மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, யார் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது? தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது, எத்தனை நாள் நின்றது, வண்டி எந்தக் காலத்து வண்டி, இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். கார்ப்பட் மட்டும் நனைந்து ஒரு நாளில் வடிந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். சீட்டுக்கு மேலே ஏறினால் யோசிக்க வேண்டும். டாஷ்போர்ட் வரை போனால், என்னைக் கேட்டால், விட்டுவிடுங்கள். எங்கள் டொல்பின் மாதிரி பழைய டீசல் எஞ்சினில் கம்பியூட்டர் சமாசாரம் குறைவு, நல்ல மெக்கானிக் ஒருவர் இருந்தால் எழுப்பிவிடலாம் என்பது உண்மைதான். அதைக் கேட்டுவிட்டுப் புதிய கேடிஎச் வான் வைத்திருப்பவரும் வெகன் ஆர் கார் வைத்திருப்பவரும் நம்பிக்கை வைக்கக் கூடாது. ஹைபிரிட் வெகன் ஆரின் லித்தியம் பெட்டரி முன் பயணி சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, முழங்கால் அளவு தண்ணீர் அதற்குப் போதும். எயார் பேக்கை இயக்கும் பெட்டியும் பொதுவாக நடுவில் தரையோடு இருப்பது. அது நனைந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அதிவேக வீதியில் போக எனக்கு மனம் வராது.

இன்னொன்று, வெள்ளம் வடிந்தவுடன் ஆசைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் காற்று சுருங்குவது போல அது சுருங்காது, பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ரொட் வளைந்துவிடும், அந்தச் சேதத்தை வெள்ளம் செய்யவில்லை, நீங்கள் செய்தது என்று கழித்துவிடவும் கூடும். பெட்டரியைக் கழற்றிவிட்டு அப்படியே விடுங்கள். அப்புறம், திருத்தி ஓட்டிய முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். வயர் இணைப்புகளில் பச்சை பிடிப்பதும், சேசிஸ் பெட்டிக்குள் சேறு தங்கி உள்ளிருந்து துருப்பிடிப்பதும் மெதுவாகத்தான் வெளியே தெரியும்.

மரம் விழுந்த வண்டிகளின் கதை வேறு. கொழும்பில் அதுவும் குறைவில்லை, 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ் மேல் மரம் விழுந்து 5 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். கூரை நசுங்கிய வண்டியில் எஞ்சினும் வயரிங்கும் பெரும்பாலும் தப்பியிருக்கும், ஹாஃப் கட் (இன்னொரு வண்டியிலிருந்து வெட்டி எடுத்த பாதி) எடுத்து ஒட்டித் தருகிறேன் என்பார்கள், ஆனால் கூரையைத் தாங்கும் தூண்களை வெட்டி ஒட்டாமல் கூரைத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலை என்றால் வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

கனடாவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகனுக்கும் இதே பிரச்சினை வந்தது, ஆனால் அவனுடையது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் டிரெய்லர் வீடு. புயல் காற்றில் கொப்பு விழுந்து கூரை கிழிந்து மழை உள்ளே இறங்கிவிட்டது. அந்த வகை டிரெய்லர்கள் பலவற்றில் சுவர் என்பது மெல்லிய மரச் சட்டமும் பலகையும், அதன் மேல் ஒட்டிய ஃபைபர் தகடும்தான், தண்ணீர் புகுந்தால் தகடு கொப்பளித்துப் பிரிந்துவிடும், உள்ளே மரம் உக்கும், பூஞ்சணம் பிடிக்கும். இன்சூரன்ஸ் கழித்துப் போட்டது. அவன் வைத்துக்கொண்டான், அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், ஏனென்றால் கழித்த தொகை மிகக் குறைவு, அதோடு அவன் அதை இனி ரோட்டில் இழுக்கப் போவதில்லை, ஒரு நண்பரின் காணியில் நிறுத்தி மேலே தகரம் போட்டுக் கோடையில் மீன் பிடிக்கப் போகும்போது படுக்கிறான். எஞ்சின் இல்லை, பிரேக் பயம் இல்லை. நமக்கு வான் என்பது அடுத்தவர் பிள்ளைகளை ஏற்றுகிற வாகனம்.

கடைசியில் நாங்கள் கொடுத்துவிட்டோம். முடிவைத் தந்தது பஞ்சிகாவத்தைதான். அங்கே பழைய வாகனம் உடைத்து விற்கும் ஒருவரை அழைத்துவந்து இதை இப்படியே எடுத்தால் என்ன தருவாய் என்று கேட்டோம், அவர் சொன்ன விலை கம்பனி கடைசியில் கழிப்பதாகச் சொன்னதைவிட நன்றாகக் குறைவு. அப்படியென்றால் கம்பனிக்கே கொடுப்பதுதான் நமக்கு லாபம். மாறாக, வெளியில் அதிகம் தருகிறார்கள் என்றால் வைத்துக்கொண்டு அன்றைக்கே விற்றுவிடலாம், திருத்தவே வேண்டாம். ஒரு பிற்பகல் வேலை, இதைச் செய்யாமல் யாரும் கையொப்பம் போட வேண்டாம். லீசிங் இருந்தால் காசு முதலில் அங்கேதான் போகும், வண்டியை விற்கவும் அவர்களுடைய கடிதம் வேண்டும், அதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

காப்புறுதித் தொகை குறைவாக இருப்பதும் பலரை மூழ்கிய வண்டியை வைத்துக்கொள்ளும் ஆசைக்குள் தள்ளுகிறது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2022இல் ரூபாய் விழுந்தது, பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு இறக்குமதியைத் திறந்தும் வரி காரணமாகச் சாதாரண ஆளுக்கு எட்டவில்லை. ஆனால் பிரீமியத்தை மிச்சப்படுத்தப் பழைய தொகையையே புதுப்பித்துக்கொண்டு வருகிறோம். கிடைக்கும் காசில் அதே வண்டியை வாங்க முடியாது என்றவுடன் மூழ்கியதைக் கட்டிப்பிடிக்கிறோம். அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்பை மட்டும் ஈடுசெய்யும் தேர்ட் பார்ட்டி காப்புறுதி வைத்திருந்த ஆட்டோக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை, அவர்களுக்கு ஒரு சதமும் வராது. எங்கள் ஒழுங்கையில் அப்படிப் பலர்.

ஐயா, இதை வாசிக்கும் அதிகாரிகளிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். முழு இழப்பு என்று சொல்லும்போது கழிக்கும் தொகை எவ்வளவு, அது யாருடைய விலைக்கேள்வியிலிருந்து வந்தது, முடிவு சொல்ல எத்தனை நாள் என்பதைக் கம்பனிகள் எழுத்தில், தமிழ் வாடிக்கையாளருக்குத் தமிழில், கொடுக்க வேண்டும் என்று காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழு கட்டாயமாக்கட்டும். இப்போதைக்குக் கம்பனியின் பதிலில் திருப்தி இல்லாதவர்கள் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அப்படி ஒருவர் இருப்பதே எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மற்றது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு. வெளிநாடுகளில் பல இடங்களில் இப்படிக் கழித்த வாகனத்தின் பதிவிலேயே அடையாளம் போட்டுவிடுவார்கள். நம் வாகனப் பதிவுச் சான்றான சிஆர் புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருக்கிறது, சேசிஸ் நம்பர் இருக்கிறது, பழைய சொந்தக்காரர் பெயர் இருக்கிறது, வெள்ளத்தில் மூழ்கிக் கழிக்கப்பட்டது என்பதற்கு ஒரு வரி இல்லை. 2016 மே, 2024 ஒக்டோபர், பிறகு 2025 நவம்பர் என்று மூழ்கியவற்றில் எத்தனையோ வண்டிகள் கழுவி வாசனை அடித்து விற்பனைக்கு வந்திருக்கும், நாங்கள் கொடுத்த வானும் ஒரு நாள் வரலாம். அந்த ஒரு வரி வரும் வரைக்கும், பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்பெயார் வீல் கிடங்கைத் திறந்து பாருங்கள், சீட்டுக்கு அடியில் உள்ள ஆணிகளில் துருவைப் பாருங்கள், எயார் ஃபிரெஷ்னர் வாசம் மூக்கைத் துளைத்தால் விலை பேசாமல் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வெல்லம்பிட்டிய வாசகர் ஒருவர்