சிவப்புப் பாத்திரம் எல்லாம் இத்தாலி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ரோமானிய வணிகம் பற்றிய ஞாயிறு கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் பளபளப்பான சிவப்பு மண்பாண்டங்கள் எல்லாமே இத்தாலியில் செய்தவை என்பதுபோல் எழுதிவிட்டீர்கள். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே, இன்றைய தெற்கு பிரான்சில் மியோ நகருக்குப் பக்கத்திலுள்ள லா கிரோஃபெசாங்க் குயவர்கள் சந்தையைப் பிடித்துவிட்டார்கள். பிரிட்டன் வரை அவர்கள் சரக்குதான்.

பல குயவர்களின் பாத்திரங்களை ஒரே சூளையில் அடுக்கிச் சுட்டார்கள். யாருடையது எத்தனை என்ற கணக்கைத் தட்டிலேயே கீறி வைத்தார்கள், லத்தீனும் உள்ளூர் கெல்டிக் மொழியும் கலந்து. ஒரு தடவை சுடும்போதே 25,000-க்கும் மேற்பட்ட பாத்திரங்கள்! நம்மூர்க் குயவர்கள் கேட்டால் மலைத்துப்போவார்கள்.

கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலிய நகரமான பொம்பெயில், பிரிக்காத பெட்டி ஒன்றில் சுமார் 90 தெற்கு பிரான்சுக் கிண்ணங்கள் கிடைத்தன. அதாவது, இத்தாலிக்காரர்களே இறக்குமதி செய்திருக்கிறார்கள். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்படியே அந்தக் கணக்குத் தட்டின் படத்தையும் வெளியிட்டால் நல்லது.

— ஒரு வாசகர், கரூர்