ஊஞ்சலை அவிழ்க்கச் சொன்ன கல்வி அலுவலருக்கு

மதிப்பிற்குரிய வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியைப் பார்வையிட வந்தபோது நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புளியமரத்து ஊஞ்சலை அவிழ்க்கச் சொன்னீர்கள். பாடவேளையில் பிள்ளைகளை விளையாட விட்டதாக ஐந்தாம் வகுப்பு ஆசிரியைக்குக் குறிப்பாணை கொடுத்தீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களில் ஒருவனாகக் கேட்கிறேன்: அந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெறுங்கள்.

ஐயா, அங்கே நடந்தது பாடம். ஊஞ்சலில் முதலில் ஒல்லியான பிள்ளையை உட்காரவைத்துப் பத்து ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தைக் குறித்தார்கள். பிறகு வகுப்பிலேயே கனமான பையன் உட்கார்ந்தான். கனமானவன் சீக்கிரம் திரும்பி வருவான் என்று பாதி வகுப்பு அடித்துச் சொன்னது. நேரம் ஏறக்குறைய அதேதான். கயிற்றைச் சுருக்கிக் கட்டியதும் ஆட்டம் விரைந்தது. எடை அல்ல, கயிற்றின் நீளமே கணக்கு என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தது. இத்தாலியில் கலிலியோ ஊசலை ஆராய்ந்து சொன்னதும் இதுதான்.

கயிற்றைச் சுருக்கினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சரியாகச் சொன்னவள், வாய்பாடு கேட்டால் தலைகுனிந்து நிற்கும் ஒரு சிறுமி. தாய் நடவு வேலைக்குப் போகும் நாட்களில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே தங்கிவிடுவாள். ஊஞ்சல் பாடம் தொடங்கிய பிறகு தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாவது பள்ளிக்கு வந்தாள். இப்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பயிற்சித்தாளில் கோடிட்ட இடங்களை நிரப்புகிறாள். அந்தத் தாள் நிரம்பியிருப்பதைத்தான் நீங்கள் கேட்டீர்கள். நிரம்பிவிட்டது.

சுவரிலிருந்து எடுக்கச் சொன்ன ஓவியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரக்கிளையிலிருந்து விழும் பந்தைக் கைப்பேசியில் படமெடுத்து, சம நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பந்து இருந்த இடங்களைப் பிள்ளைகள் புள்ளிகளாக வரைந்த படங்கள் அவை. புள்ளிகளின் இடைவெளி 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் விரிந்துகொண்டே போகும். வேகம் கூடிக்கொண்டே போவதைக் குறிக்கும் முடுக்கம் என்ற சொல் தெரியாத வயதில் முடுக்கத்தைத் தங்கள் கையால் வரைந்திருந்தார்கள். கொட்டாங்குச்சியில் களிமண் அடைத்து, மேலே காகிதக் கூம்பு ஒட்டித் தலையாட்டி பொம்மையும் செய்தார்கள். கனம் அடியில் இருந்தால் சாய்த்தாலும் ஏன் நிமிர்கிறது என்று பேசினார்கள். கபடியில் பாடிப் போகிறவன் ஏன் குனிந்தே நிற்கிறான் என்பதற்கும் அங்கேயே விடை கிடைத்தது.

இது எங்கிருந்தோ இறக்குமதியான முறையும் அல்ல. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேல்தளச் சுவரில், நாட்டிய அசைவுகளான 108 கரணங்களில் 81 செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆடும் உடலின் அசைவை நிலை நிலையாகக் கல்லில் நிறுத்திக் காட்டிய மண் இது. இந்த மண்ணின் பிள்ளைகள் அசைவை வரைந்து படிக்க விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமா?

எங்கள் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் இல்லை, ஓவிய ஆசிரியரும் இல்லை. ஐப்பசி மழையில் திடல் குளமாகிறது. அறுவடைக் காலத்தில் அங்கே நெல் மூட்டைகளை அடுக்குகிறார்கள். இவற்றுக்காக நாங்கள் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. ஆசிரியைக்குக் குறிப்பாணை மட்டும் பார்வையிட்ட அன்றே வந்தது. ஆறாம் வகுப்பில் இதே பிள்ளைகள் ‘விசையும் இயக்கமும்’ என்ற பாடத்தைப் படிக்கப்போகிறார்கள். அதற்கு முன்பே அதைத் தொட்டுப் பார்த்தது குற்றமா?

என் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. புதிய கயிறும் கீழே மணலும் பெற்றோர்களாகிய நாங்கள் போட்டுத் தருகிறோம். ஊஞ்சல் ஆடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கவும் ஏற்பாடு செய்கிறோம். குறிப்பாணையை ரத்துசெய்து, ஊஞ்சலைத் திரும்பக் கட்ட எழுத்துமூலம் அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடிவெடுப்பதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல் வந்து அந்த வகுப்பை முழுதாகப் பாருங்கள். கேள்விகளை ஆசிரியையிடம் கேட்க வேண்டாம், பிள்ளைகளிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை